காரைக்குடிப் பக்கம் மர்ம நாவல் வட்டம் தொடங்குகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காத்திருக்கிறவர்கள் புரட்டட்டும் என்று பழைய பாக்கெட் நாவல்கள் கொஞ்சத்தை பெஞ்சில் போட்டு வைத்தேன். ஆதார் நகல் எடுக்க வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு, "கொலை பண்ணினது யாருன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார். எங்கள் வாசகர் வட்டம் அங்கேதான் ஆரம்பித்தது. கொலை, பேய், ரத்தக்காட்டேரி, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. இலக்கியம் பேச ஊரில் வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன.

முதல் ஐந்து மாதத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நாங்கள் முழுசாகப் பேசி முடிக்கவில்லை. கிடைத்த இடம் போனது, கைக்காசு போனது, இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது வட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு தேவகோட்டையிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் ஆட்கள் போன் செய்து எப்படி என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1. ஆளைச் சேர்க்கும் முன் புத்தகத்தைச் சேருங்கள்

நான் செய்தது தலைகீழ். வாட்ஸ்அப் குழு தொடங்கினேன், இரண்டே நாளில் 43 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் "டிராகுலா" என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் கூடினால் மூன்று பேரிடம் முழு ஆங்கிலப் புத்தகம், நான்கு பேரிடம் தமிழ்ச் சுருக்கம், ஒருவரிடம் குழந்தைகளுக்கான படக்கதை. மற்றவர்கள் சினிமா பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர், "அந்தக் கப்பல் வர்ற இடம் இருக்கே, ராத்திரி தூக்கமே இல்லை" என்றார். சுருக்கம் படித்தவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "கப்பலா? என் புத்தகத்துல கப்பலே இல்லையே" என்றார். அன்றைய பேச்சு அதோடு சரி.

ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது முழு மொழிபெயர்ப்பா, சுருக்கமா? மொத்தம் எத்தனை அத்தியாயம்? இதே பதிப்பில் ஆறு பிரதி கிடைக்குமா? டிராகுலா மூலத்தில் 27 அத்தியாயம். கையில் இருப்பதில் 12தான் என்றால் அது என்ன என்று உங்களுக்கே விளங்கிவிடும். எங்கள் புத்தகம் வெளியூர்ப் பதிப்பகத்திலிருந்து வந்துசேர ஒன்பது நாள் ஆனது. நீங்கள் இரண்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பிரதி தேவையில்லை. இருவருக்கு ஒன்று போதும். ஒரே தெருவில் அல்லது ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களை ஜோடி சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர். பாக்கெட் நாவலுக்கு இந்தக் கஷ்டமும் வேண்டாம். ஒரே மாலையில் முடிகிற சமாசாரம், மூன்று பிரதி ஊரையே சுற்றி வந்துவிடும்.

அடுத்தது பிடிஎஃப். குழுவில் யாராவது ஒருவர் இலவசமாகக் கிடைத்தது என்று அனுப்பத்தான் செய்வார். அனுப்பியதும் நீக்கச் சொல்லுங்கள். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1912இல் இறந்தார், அதனால் ஆங்கில மூலம் எல்லோருக்கும் பொது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருக்குச் சொந்தம், அதற்குத் தனிக் கணக்கு. நான் முதலில் குழம்பியது இந்த இடத்தில்தான்.

மொழிபெயர்ப்புப் புத்தகத்தை அப்படியே ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள் என்று என் கடையிலேயே ஒருவர் கேட்டார். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள் என்றேன். 320 பக்கம், பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஸ்பைரல் போட 50. ஆக 370 ரூபாய். புத்தகத்தின் விலை 350.

பழைய புத்தகத்துக்கு இங்கே நல்ல இடங்கள் உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளுக்கும் ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் நடுவே சில நாள் துப்பறியும் நாவல்கள் சிக்கும். எனக்கு மூன்று சிக்கின. அதைவிட நல்ல இடம் வீட்டுப் பரண். பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பள்ளத்தூரில் ஒரு ஆச்சி அப்படி ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். காலிகோ அட்டை, உள்ளே பூச்சி அரிக்காமல் வேப்பிலைச் சருகு. பிரமாதமான கொலைக் கதை. பதினோரு பேர் மாற்றி மாற்றி ஒன்றரை மாதம் படித்தோம். கடைசியாகப் படித்தவர்தான் போன் செய்தார்: "அண்ணே, கடைசி வாரம் இல்லைண்ணே."

பைண்ட் புத்தகம் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். கதையைப் படிக்காதீர்கள், "முற்றும்" இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. முதல் புத்தகத்தைச் சின்னதாக எடுங்கள்

டிராகுலாவில் ஆரம்பிக்காதீர்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் புதியவர்களை நடுவழியில் இறக்கிவிடும். முதல் நான்கு அத்தியாயம் மலைப்பாதையிலும் கோட்டைக்குள்ளுமாக மூச்சுவிடாமல் போகிறது. ஐந்தாவதில் இரண்டு தோழிகள் கல்யாணப் பேச்சைக் கடிதமாக எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். டிராகுலா பிரபுவைக் காணோம். எங்களில் பாதிப் பேர் அங்கே புத்தகத்தை மூடினார்கள். கதை முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு என்று போவதால் இப்போது பேசுவது யார் என்பதும் சட்டென்று பிடிபடாது. நான் பின்னால் ஒரு சின்ன அட்டையில் ஆறு பேரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: ஜோனத்தன் ஹார்க்கர், மீனா, லூசி, டாக்டர் சீவர்ட், வான் ஹெல்சிங், ரென்ஃபீல்டு. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஆள் குறையவில்லை.

ரத்தக்காட்டேரிக் கதையே வேண்டும் என்றால் ஷெரிடன் லெ ஃபானுவின் கார்மில்லாவை எடுங்கள். டிராகுலா 1897இல் வந்தது. இது 1872லேயே புத்தகத் தொகுப்பில் வந்துவிட்டது. 16 சின்ன அத்தியாயம், இரண்டு ராத்திரி வேலை. காட்டுக்கு நடுவே தனி மாளிகையில் அப்பாவும் மகளும். வாசலில் ஒரு வண்டி குடை சாய, அதில் வந்த பெண்ணை விருந்தாளியாக வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். விருந்தாளியை எப்படிப் போகச் சொல்வது என்ற சங்கடம் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்தது. அந்தக் கூட்டத்தில் யாருமே வாயை மூடவில்லை.

ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் ஒத்துவராத கூட்டமா? விக்கிரமாதித்தன் வேதாளக் கதையில் தொடங்குங்கள். சிரிக்காதீர்கள். ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் அதை ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்துக்கு வைத்த பெயரே வாம்பயர், அதாவது ரத்தக்காட்டேரிதான். கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறக்காத உறுப்பினர்களைப் பேசவைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

துப்பறியும் கதைக்கு நம்மவர்களே போதும். கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜெயந்தி, விவேக்-ரூபலா என்று யாரை எடுத்தாலும் கூட்டத்தில் ஒருவருக்காவது பழைய பாசம் இருக்கும். ராஜேஷ்குமார் பெரும்பாலும் இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் ஒன்றாகக் கட்டுவார். ஒரு தடவை கூட்டத்தையே இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் படிப்பது, மறு பாதி இரட்டைப்படை. கடைசி மூன்று அத்தியாயத்தைக் கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து உரக்க வாசித்தோம். "ஓ, அந்தப் பெட்டி இதுதானா!" என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

3. இடம்: பெரிய வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள்

ரத்தக்காட்டேரி நாவல் பேசச் செட்டிநாட்டு வீட்டைவிடப் பொருத்தமான இடம் உண்டா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பெரிய வீட்டின் முகப்புப் பட்டாலை, அதாவது முன்கூடம், கிடைத்தது. வாடகை வேண்டாம், மின்சாரத்துக்கு மட்டும் 200 ரூபாய் கொடுங்கள் என்றார்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுவென்று தேக்குத் தூண், மேலே புறா. கூட்டம் பாதியில் இருக்கும்போது காவல்காரர் போனை நீட்டினார். சென்னையிலிருந்து ஒரு பங்காளி. "எங்களைக் கேக்காம யாரு உங்களை உள்ளே விட்டது?" அனுமதி கொடுத்தவருக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரு பங்கு. இன்னும் எத்தனை பங்கு என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பதினான்கு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தோம்.

பங்காளி வீடு என்றால் எல்லாப் பங்காளிகளும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் ஒழியக் கால் வைக்காதீர்கள். அப்படி எழுதி வாங்குவதற்குள் நீங்கள் நூறு நாவல் படித்து முடித்துவிடுவீர்கள். படப்பிடிப்புக்கு விடுகிற வீடுகளின் வாடகை நமக்குக் கட்டுபடியாகாது.

எங்களுக்குக் கைகொடுத்தது நூலகம். "வாசகர் வட்டம்" என்ற சொல் நூலகத்துக்குப் பழக்கமானது, அதனால் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்கு உடனே புரியும். முதலில் குறைந்தது நான்கு பேராவது உறுப்பினராகச் சேருங்கள். என்னிடம் ஆதார் நகலும் ஒரு புகைப்படமும் கேட்டார்கள், காப்புத்தொகை மிகச் சொற்பம். பிறகு ஒரு கடிதம். அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் கடிதத்துக்கு அப்படி வாங்கவில்லை, மாற்றலாகி வந்த புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தடவை திருப்பி வாங்கினேன். நான்காவதாக எழுதியது இது:

"ஐயா, நாங்கள் கீழே கையொப்பமிட்டுள்ள நூலக உறுப்பினர்கள் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 முதல் 6 மணி வரை நாவல் வாசிப்புக் கலந்துரையாடல் நடத்த விரும்புகிறோம். கலந்துகொள்வோர் 15 பேருக்கு மிகாமல் இருப்பர். ஒலிபெருக்கி பயன்படுத்த மாட்டோம். கட்டணம் எதுவும் வசூலிக்க மாட்டோம். இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்போம். பொறுப்பாளர் பெயரும் கைப்பேசி எண்ணும் கீழே உள்ளன."

ஒலிபெருக்கி, கட்டணம் பற்றிய வரிகளை விடாதீர்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான். நூலகர் தானே முடிவு செய்ய முடியாமல் மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பினால் கோபப்படாதீர்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. வார விடுமுறை என்றைக்கு என்று வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு இடம்தானே, ஞாயிறு மூடியிருப்பார்கள் என்று நான் வெள்ளிக்கிழமை போய் நின்றேன். வெள்ளிதான் விடுமுறை.

நூலகம் அமையாவிட்டால் டியூஷன் சென்டர். ஞாயிறு மாலை சும்மா கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 300 ரூபாய் கேட்டார்கள், மின்விசிறி உண்டு. கோயில் மண்டபம் வேண்டாம். காரணம் ஐந்தாவது தலைப்பில் வருகிறது.

4. சங்கமாகப் பதியாதீர்கள்

"பதிவு பண்ணிட்டா ஒரு மரியாதை" என்று ஒருவர் சொல்வார். எங்கள் வட்டத்திலும் சொன்னார். நம்பி நான் பத்திர எழுத்தரிடம் போனேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும், விதிமுறை எழுத வேண்டும், ஒவ்வொருவருக்கும் அடையாளச் சான்று, முகவரிச் சான்று. இதெல்லாம் தயார் செய்ய 1,500 ரூபாய் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த எழுத்தரே கேட்டார்: "வெளியிலேர்ந்து நன்கொடை வாங்கப் போறீங்களா? சங்கம் பேர்ல பேங்க் கணக்கு வேணுமா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு சார் இது? வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணுமே, யாரு பண்ணுவா?"

பதினைந்து பேர் உட்கார்ந்து கதை பேச எந்தப் பதிவும் வேண்டாம். அந்த 1,500 ரூபாயை நான் வட்டத்துக் கணக்கில் எழுதவில்லை, என் முட்டாள்தனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

5. அறிவிப்பில் "காட்டேரி" என்று போடாதீர்கள்

"ரத்தக்காட்டேரி நாவல் கூட்டம், அனைவரும் வருக" என்று ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து நாலு இடத்தில் ஒட்டினேன். இரண்டாம் நாளே வயதான ஒருவர் தாளைக் கையோடு கிழித்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். "தம்பி, காட்டேரி எங்க வீட்டுத் தெய்வம். வருஷத்துக்கு ஒரு தடவை படையல் போடுறோம். நீங்க இப்படி சினிமாக்காரன் மாதிரி பல்லு படம் வேற போட்டு ஒட்டுறீங்களே." எனக்குப் பேச்சு வரவில்லை. காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு என்பது தெரியாத விஷயமா? தெரியும், யோசிக்கவில்லை.

அன்றே எல்லாத் தாளையும் எடுத்தேன். இப்போது "மர்ம, திகில் நாவல் வாசகர் வட்டம்" என்று மட்டும் போடுகிறோம். பேச்சில் வாம்பயர் என்றே சொல்லிவிடுகிறோம், கேட்கிறவர்களுக்கும் விளங்குகிறது. கோயில் மண்டபம் வேண்டாம் என்றேனே, அதற்கும் இதுதான் காரணம். சிலுவையையும் பூண்டையும் காட்டிப் பிசாசை விரட்டும் கதையைக் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து பேசினால் ஒருவருக்காவது மனம் சங்கடப்படும்.

அந்தப் பெரியவர் பிறகு ஒரு கூட்டத்துக்கு வந்தார். டிராகுலா கதையைக் கேட்டுவிட்டு, "இவனுக்கு ஒரு படையல் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்றார்.

6. நாளும் நேரமும்

மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்துவிடுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போகிறவர்களுக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அதிலும் பெண்கள் ஏழு மணிக்குள் வீடு திரும்பும்படி இருந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள். திகில் கதையை இருட்டில் பேசினால்தான் சுவை என்று ஒரு தடவை ஏழு மணிக்கு வைத்தோம். ஐந்து பேர் வந்தார்கள்.

முகூர்த்த நாளில் வைக்காதீர்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் சொல்லுங்கள். மாசி, பங்குனியை மறந்துவிடுங்கள்: முத்துமாரியம்மன் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், கம்பன் விழா என்று ஊரே ஓடிக்கொண்டிருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் தையிலும் ஒரு வாரம் போய்விடும். நாங்கள் ஒரு பெரிய நாவலைச் சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிடுகிறோம். அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து படிக்க வாம்பயர் நாவல் மாதிரி வராது.

டிராகுலாவை ஐந்து கூட்டமாகப் பிரித்தோம், இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம்: 1 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 16, 17 முதல் 21, 22 முதல் 27. பக்க எண்ணில் பிரிக்காதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். மூன்றாவது பகுதி நீளம் என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் 16இல் ஒரு பெரிய விஷயம் முடிகிறது. அதற்கு முன்னால் நிறுத்தினால் ஒருவரும் சொன்ன இடத்தில் நிற்க மாட்டார்கள், எல்லோரும் மேலே படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

7. காசு

ஐந்து கூட்டத்துக்கு எங்கள் கணக்கு: ஆறு பிரதி, கழிவு போக 1,890. கூரியர் 90. டீ, பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 12 ரூபாய் வீதம் ஐந்து தடவை, 720. நோட்டு, சீட்டு, அட்டை 60. மொத்தம் 2,760. செலவுக்கு எங்களுக்குள் ஆளுக்கு 250 போட்டதில் 3,000 வந்தது. மீதி 240 அடுத்த புத்தகத்துக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டியல் வைப்பதைவிட முதலிலேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள். பணம் கட்டியவர் படிக்காவிட்டாலும் வந்துவிடுகிறார்.

இடைப்பலகாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும். ஒரு தடவை கந்தரப்பம் வந்தது. எண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தொட்டு 112ஆம் பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இப்போது பலகாரம் பேச்சு முடிந்த பிறகுதான்.

8. பேசவைப்பது எப்படி

"புத்தகம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்று பதில் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஒரு இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தீர்கள்? யாரை நம்பி ஏமாந்தீர்கள்? இந்த ஆளுக்குப் பதில் நீங்கள் என்றால் எப்போது ஓடியிருப்பீர்கள்?

பெரிய படிப்பாளிகளைத் தேடிப் போகாதீர்கள். எங்கள் வட்டத்தில் ஒரு அண்ணன் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறார். டிராகுலாவின் முதல் கூட்டத்துக்கு இரண்டே அத்தியாயம் படித்துவிட்டு வந்தார். எல்லோரும் ஓநாய், மலைப்பாதை என்று பேசிக்கொண்டிருக்க, இவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த வீட்ட யாரு கூட்டுறா?" யாருக்கும் புரியவில்லை. "இல்லைங்க, சுடச்சுடச் சாப்பாடு வருது, படுக்கை விரிச்சிருக்கு. வேலைக்கார ஆள் ஒருத்தரையும் காணோம். நான் இருக்கற வீட்டுல முப்பது ரூம்புக்கு மேல. வாரத்துல ஒரு கட்டக் கூட்டவே எனக்கு முதுகு போயிடுது. அங்க என்னமோ சரியில்ல." நாங்கள் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து வாசித்தோம். பிரபுவே ஹார்க்கரின் படுக்கையைச் சரிசெய்து, பிறகு சாப்பாட்டு மேசையையும் எடுத்து வைப்பதை ஹார்க்கர் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறான், வீட்டில் வேலைக்கார ஆளே இல்லை என்ற அவன் சந்தேகம் அப்போதுதான் உறுதியாகிறது. நாங்கள் எல்லோரும் கோட்டையைப் பார்த்தோம். அண்ணன் தரையைப் பார்த்திருக்கிறார்.

சினிமா பார்த்தவர்களைத் தடுக்க முடியாது. "வெயில் பட்டா செத்துருவான், பகல்ல எப்படி வர்றான்?" என்று சண்டைக்கு வருவார்கள். வெயிலில் சாவது 1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு என்ற ஊமைப்படம் கொண்டுவந்தது. ஸ்டோக்கரின் நாவலில் அவன் லண்டன் தெருவில் பகலிலேயே நிற்கிறான். பகலில் அவனுக்குச் சக்தி குறைவு, அவ்வளவுதான். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் மிச்சம்.

முடிவை உடைப்பவர்கள்தான் பெரிய தலைவலி. என்னோடு பேச்சை நிறுத்தினவர்கள் என்றேனே, அந்த இரண்டு பேரும் இந்த விவகாரத்தில்தான். ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் குழுவில் கொலைகாரன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டார். அகதா கிறிஸ்டியின் 1926 நாவல் ஒன்று இருக்கிறது, ரோஜர் ஆக்ராய்டு கொலை. அந்த மாதிரிப் புத்தகத்துக்கு முடிவு தெரிந்துவிட்டால் முதல் தடவைப் படிப்பு போயே போச்சு, திரும்ப வராது. நான் கோபத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். அவருடைய மைத்துனரும் சேர்ந்து போய்விட்டார். நீக்கியது தவறு. விதியை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: குழுவில் கூட்டத் தேதியும் அத்தியாய எண்ணும் மட்டும். கதை பேச்சு நேரில்தான்.

ஊகம் சொல்லத் துடிக்கிறவர்களுக்கு ஒரு வடிகால் வேண்டும். கடைசிப் பகுதி படிக்கும் முன் எல்லோரும் ஒரு சீட்டில் யார் குற்றவாளி, எதை வைத்துச் சொல்கிறேன் என்று இரண்டு வரி எழுதி, பெயர் போட்டு, மடித்துக் கொட்டானில் போட வேண்டும். பனையோலைக் கொட்டான், மூடி உள்ளது. ஆச்சிதான் கொடுத்தார்கள். கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்போம். சரியாகச் சொன்னவருக்குப் பரிசு ஒன்றும் இல்லை, அடுத்த புத்தகத்தை அவர் தேர்ந்தெடுக்கலாம். சும்மா பெயரை மட்டும் எழுதினால் செல்லாது, காரணம் வேண்டும். "முழியே சரியில்லை" என்று எழுதினவரும் உண்டு. அவர்தான் அந்தத் தடவை ஜெயித்தார்.

கடைசி வாரம் இல்லாத அந்தத் தொடர்கதைக்கும் இப்படித்தான் செய்தோம். கதையின் பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓவியம் பிடித்துப்போய் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு வாரத்துத் தலைப்பையும் படத்தோடு கத்தரித்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஆச்சியைக் கேட்டால், "எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா நீங்க எல்லாரும் சீட்டு போட்டப்புறந்தான் சொல்லுவேன்" என்றார்கள். பதினோரு பேரும் போட்டோம். அப்புறம் கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் மறந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மலைத்தோட்ட பங்களா, ஒரு டாக்டர், நின்றுபோன சுவர்க் கடிகாரம், இரட்டைப் பிறவிச் சகோதரிகள். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பைண்ட் கிடந்தால் கடைசி ஆறு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நகல் எடுக்கக் காசு வாங்க மாட்டேன். பதினோரு சீட்டும் இன்னும் கொட்டானில்தான் கிடக்கின்றன.